டெட்லாக் தீர வேண்டும் என்று பூட்டுக்குக் காலக்கெடு வைத்தோம். ஒரே பூட்டு இரண்டு ஒர்க்கர்களிடம் இருக்கிறது

இலாசுப்பேட்டை நிரலர் கேட்டது:

வணக்கம். புதுச்சேரியில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் பணிபுரிகிறேன். கடலூர் மாவட்டத்து முந்திரி மொத்த வணிகர் ஒருவரின் இருப்பு மேலாண்மை மென்பொருளை இப்போது எங்கள் குழு பராமரித்து வருகிறது. அவருக்குப் பண்ருட்டியில் ஒரு குடோனும் கடலூர் முதுநகரில் ஒரு குடோனும் இருக்கின்றன. ஓர் ஆர்டருக்கு வேண்டிய டின்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களிலிருந்தும் பிரித்து எடுக்கப்படுவதால், ஆர்டரைக் கையாளும் ஒர்க்கர் (பின்னணியில் ஓடும் நிரல்) இரண்டு குடோன்களுக்கும் பூட்டு வாங்கிய பிறகே இருப்பில் கை வைக்கும்.

பூட்டுகள் ரெடிஸில் (நினைவகத்தில் இயங்கும் தரவுக் கிடங்கு) இருக்கின்றன. குடோனுக்கு ஒரு கீ என்ற கணக்கில், செட் கட்டளையை என்எக்ஸ் (கீ ஏற்கெனவே இல்லாவிட்டால் மட்டும் எழுது), பிஎக்ஸ் (மில்லிவிநாடியில் காலக்கெடு) இரண்டோடும் சேர்த்து அனுப்பி, 30 விநாடி காலக்கெடுவுடன் அந்தக் கீயை எழுதுகிறோம். பூட்டு கிடைக்காத ஒர்க்கர் சிறிது இடைவெளி விட்டு, ஒரு நிமிடம் வரை மீண்டும் மீண்டும் முயலும். எந்தக் குடோனை முதலில் பூட்டுவது என்பது ஆர்டரில் வரிகள் வந்த வரிசையைப் பொறுத்தது. இரண்டு ஒர்க்கர்கள் எதிரெதிர் வரிசையில் பூட்டி ஒன்றையொன்று எதிர்பார்த்து நின்றுவிட்டாலும், 30 விநாடியில் பூட்டு தானாக விடுபடும் என்பதால் டெட்லாக் நீடிக்காது என்பதே வடிவமைப்பின் எண்ணம். கடந்த வாரம் பதிவேட்டில் கண்டது இது:

10:42:07.100 – ஒர்க்கர் அ: பண்ருட்டிப் பூட்டு கிடைத்தது
10:42:07.520 – ஒர்க்கர் ஆ: முதுநகர்ப் பூட்டு கிடைத்தது
10:42:37.180 – ஒர்க்கர் ஆ: பண்ருட்டிப் பூட்டு கிடைத்தது
10:42:37.610 – ஒர்க்கர் அ: முதுநகர்ப் பூட்டு கிடைத்தது

இதன் பிறகு இரண்டு ஒர்க்கர்களும் முதுநகர் இருப்பைப் படித்தன. டபிள்யூ 320 தரத்தில் 85 டின்கள் இருந்தன. ஒன்று 60 டின்களையும் மற்றொன்று 50 டின்களையும் ஒதுக்கி, புதிய மீதியை எழுதிவிட்டன. ஆக 85 டின்களில் 110 டின்கள் ஒதுக்கப்பட்டு, இரண்டு லாரிகளுக்கும் சீட்டு அச்சாகிவிட்டது.

குழுவில் ஒருவர் காலக்கெடுவை 5 நிமிடமாக உயர்த்தலாம் என்கிறார். இன்னொருவர், வேலை முடியும்வரை பூட்டைத் தானாகப் புதுப்பிக்கும் வாட்ச்டாக் வசதியைச் சேர்க்கலாம் என்கிறார். டெட்லாக்கும் வரக்கூடாது, இப்படி இரட்டை ஒதுக்கீடும் நேரக்கூடாது என்றால் எந்த வழி சரியானது?

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம். பதிவேட்டின் நான்கு வரிகளையும் அப்படியே கொடுத்தது நல்லதாயிற்று. விடை அவற்றிலேயே இருக்கிறது. பண்ருட்டிப் பூட்டின் காலக்கெடு 37.100-இல் முடிந்தது. அது விடுபட்டதும் ஆ அதை எடுத்துக்கொண்டது. அந்தக் கணத்தில் ஆ-விடம் இரண்டு பூட்டுகளும் முறையாகவே இருந்தன. ஆனால் ஆ எடுத்திருந்த முதுநகர்ப் பூட்டும் ஏற்கெனவே 30 விநாடியைக் காத்திருப்பிலேயே செலவழித்திருந்ததால், 37.520-இல் அதுவும் போயிற்று. அப்போதும் முயன்றுகொண்டிருந்த அ அதை எடுத்தது. பண்ருட்டிப் பூட்டை இழந்துவிட்ட செய்தி அ-வுக்குத் தெரியாது. முதுநகர்ப் பூட்டை இழந்த செய்தி ஆ-வுக்குத் தெரியாது. இருவரும் இரண்டையும் வைத்திருப்பதாகவே நம்பினார்கள். டெட்லாக்கில் சிக்கிய இருவரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில்தான் பூட்டு வாங்கியிருப்பார்கள் என்பதால் இருவரின் காலக்கெடுவும் அடுத்தடுத்தே முடியும்; ஆகவே உங்கள் அமைப்பில் இதைத் தற்செயல் என்று ஒதுக்க முடியாது.

டெட்லாக் உண்டாக நான்கு நிபந்தனைகள் ஒருசேர வேண்டும் என்று காஃப்மன், எல்ஃபிக், ஷோஷானி ஆகிய மூவரும் 1971-இல் எழுதினார்கள். ஒரு வளத்தை ஒருவரே வைத்திருக்க முடிவது, ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொன்றுக்குக் காத்திருப்பது, வைத்திருப்பவரிடமிருந்து பறிக்க முடியாமை, காத்திருப்பு வட்டமாகச் சுற்றுவது ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்றை உடைத்தாலும் டெட்லாக் வராது. பூட்டுக்குக் காலக்கெடு வைப்பவர்கள் மூன்றாவதை, அதாவது பறிக்க முடியாமையை, உடைத்துவிட்டதாக எண்ணுகிறார்கள். தரவுத்தளம் ஒரு டிரான்ஸாக்ஷனிடமிருந்து (முழுதாக நிறைவேறும் அல்லது முழுதாக ரத்தாகும் மாற்றங்களின் தொகுப்பு) பூட்டைப் பறிக்கும்போது, அந்த டிரான்ஸாக்ஷன் அதுவரை செய்த மாற்றங்கள் அனைத்தையும் ரத்து செய்து, அதற்குப் பிழைச் செய்தியையும் அனுப்பிவிடுகிறது. ரெடிஸ் கீயின் காலக்கெடு முடியும்போது அப்படி எதுவும் நடப்பதில்லை. கீ மட்டும் மறைகிறது. வைத்திருந்தவர் செய்த வேலை அப்படியே இருக்கிறது, செய்யப்போகும் வேலையும் நிற்பதில்லை. இந்தப் பாதிப் பறிப்புதான் உங்கள் இரட்டை ஒதுக்கீட்டின் காரணம்.

எனவே காலக்கெடுவை நம்பாமல், நான்காவது நிபந்தனையை உடையுங்கள். எல்லா ஒர்க்கர்களும் குடோன் எண்ணின் ஏறுவரிசையில் மட்டுமே பூட்ட வேண்டும். பண்ருட்டி எண் 1, முதுநகர் எண் 2 என்றால், ஆர்டரில் முதுநகர் வரி முதலில் வந்தாலும் 1-ஐப் பூட்டிய பிறகே 2-ஐப் பூட்ட வேண்டும். வட்டம் உருவாக வழியே இல்லை. ஆர்டரைக் கையாளும் ஒர்க்கர் மட்டுமல்லாமல், இருப்பைத் திருத்தும் நிர்வாகத் திரை, இரவுக் கணக்கு முடிப்பு, சரக்குத் திரும்பி வரும்போது ஓடும் நிரல் என்று பூட்டு வாங்கும் ஒவ்வோர் இடமும் இதற்குக் கட்டுப்பட வேண்டும் என்பதால், பூட்டுகளின் பட்டியலை வாங்கித் தானே வரிசைப்படுத்திப் பூட்டும் ஒரே ஒரு ஃபங்ஷனை எழுதி, மற்ற வழிகளை அடைத்துவிடுங்கள்.

5 நிமிட யோசனை வேண்டாம். டெட்லாக் ஒவ்வொன்றும் இப்போதையதைவிட நீளும். ஒர்க்கர் செத்துப்போனால் அந்தக் குடோனே 5 நிமிடம் முடங்கும்.

சுண்ணாம்பாறு எழுதியது:

கெடிலக்கரை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். வாட்ச்டாக் பற்றி ஒன்று சேர்க்க வேண்டும், ஏனென்றால் வரிசைப்படுத்துவதற்கு முன்பே அதைச் சேர்த்தால் நிலைமை மோசமாகும். ரெடிஸுக்கான ரெடிஸன் நூலகத்தை எடுத்துக்கொள்வோம். பூட்டும்போது காலக்கெடுவைக் குறிப்பிடாவிட்டால் அது 30 விநாடி வைத்துக்கொண்டு, ஒர்க்கர் உயிரோடு இருக்கும்வரை 10 விநாடிக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே இருக்கும். டெட்லாக்கில் நிற்கும் இரண்டு ஒர்க்கர்களும் உயிரோடுதான் இருக்கின்றன; ஆகையால் இரண்டு பூட்டுகளும் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். செத்துப்போன ஒர்க்கரிடமிருந்து பூட்டை மீட்பதற்காகத்தான் காலக்கெடு இருக்கிறது. உயிரோடு நிற்பவர்களின் டெட்லாக்கைத் தீர்க்கும் வேலையை அதன் தலையில் கட்டக்கூடாது.

வரிசைப்படுத்திய பின்பும் ஓர் ஆபத்து மிஞ்சும். ஒர்க்கர் பூட்டை வாங்கியபின் நீண்ட குப்பை சேகரிப்பில் (பயனற்ற நினைவகத்தை மீட்கும் இடைநிறுத்தம்) உறைந்துபோகலாம், மெய்நிகர் இயந்திரம் இடம் மாற்றப்படும்போது சில விநாடிகள் நிற்கலாம், வலையமைப்பில் அதன் கோரிக்கை தேங்கித் தாமதமாகப் போய்ச் சேரலாம். அது விழித்தெழும்போது பூட்டு வேறொருவர் கையில் இருக்கும். எழுதுவதற்கு முன் ‘பூட்டு இன்னும் என்னிடம் இருக்கிறதா’ என்று சோதித்தாலும், சோதனைக்கும் எழுதுவதற்கும் இடையிலேயே அது உறையக்கூடும். வேறொரு காரணமும் உண்டு. ரெடிஸ் ஒரு கீ எப்போது முடிய வேண்டும் என்பதை அந்தச் சர்வரின் நாட்காட்டி நேரமாகவே குறித்து வைக்கிறது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின்பு போல மின்சாரம் விட்டுவிட்டு வரும் நாட்களில், அலுவலக மூலையில் சர்வரை வைத்திருப்பவர்களுக்கு, மறுபடி கிளம்பிய இயந்திரத்தின் கடிகாரம் பின்தங்கியிருந்து திடீரென முன்னே தாவித் திருத்தப்படுவது நடக்கக்கூடியதே. கடிகாரம் ஒரு நிமிடம் முன்னே தாவினால், உங்கள் 30 விநாடிப் பூட்டுகள் எல்லாம் அந்த நொடியே காலாவதியாகிவிடும்.

ஐந்து தனித்தனி ரெடிஸ் சர்வர்களில் மூன்றிலாவது பூட்டு கிடைக்க வேண்டும் என்னும் ரெட்லாக் முறையைப் பற்றி 2016 பிப்ரவரியில் மார்ட்டின் கிளெப்மன் எழுப்பிய விமர்சனத்தின் மையமும் இந்த உறைதலும் கடிகாரத் தாவலும்தான். ரெடிஸை உருவாக்கிய சால்வடோர் சான்ஃபிலிப்போ அதற்கு விரிவாக மறுமொழி எழுதினார். இருவர் வாதத்தையும் படித்தபின் என் முடிவு இது: ஒரே வேலையை இருமுறை செய்து நேரத்தை வீணாக்காமல் இருக்க மட்டும் பூட்டு வேண்டுமென்றால் ஒற்றை ரெடிஸே போதும், இருமுறை செய்தால் கணக்கே கெட்டுப்போகும் என்றால், எந்தக் காலக்கெடுப் பூட்டும் தனியாகப் போதாது. உங்களுடையது இரண்டாம் வகை.

அதற்கான மருந்து ஃபென்சிங் டோக்கன். ஒவ்வொரு முறை பூட்டு வழங்கப்படும்போதும், ஏறிக்கொண்டே போகும் ஓர் எண்ணும் உடன் வழங்கப்பட வேண்டும். இருப்பு அட்டவணையில் அந்தக் குடோனுக்குக் கடைசியாக வந்த எண்ணைக் குறித்து வைத்து, அதைவிடச் சிறிய எண்ணோடு வரும் எழுத்தை மறுத்துவிட வேண்டும். கூகுளின் சப்பி பூட்டுச் சேவையைப் பற்றி 2006-இல் வெளியான கட்டுரையில் இதே கருத்து ‘சீக்வென்சர்’ என்ற பெயரில் இருக்கிறது.

உங்கள் பதிவேட்டிலேயே பொருத்திப் பார்ப்போம். பண்ருட்டிக்கு அ-வின் எண் 33, ஆ-வின் எண் 34. முதுநகருக்கு ஆ-வின் எண் 71, அ-வின் எண் 72. ஒர்க்கர் இருப்பைப் படிப்பதற்கு முன்பே தன் இரண்டு எண்களையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் பதிவு செய்ய வேண்டும் என்று வையுங்கள். ஆ முந்தினால் 34-உம் 71-உம் பதிவாகும். பிறகு 33-உடன் வரும் அ பண்ருட்டியில் மறுக்கப்படும். அ முந்தினால் 33-உம் 72-உம் பதிவாகும். 71-உடன் வரும் ஆ முதுநகரில் மறுக்கப்படும். எப்படிப் போனாலும் ஒருவர்தான் தேறுவார். பலர் எண்ணை எழுதும்போது மட்டும் சோதிக்கிறார்கள், அது போதாது. புதியவர் இருப்பைப் படித்துவிட்டு இன்னும் எழுதாமல் இருக்கும் இடைவெளியில் பழையவர் எழுதினால், பெரிய எண்ணை அட்டவணை இன்னும் பார்க்கவே இல்லை என்பதால் அந்த எழுத்து ஏற்கப்பட்டுவிடும்.

எண்ணைத் தனிக் கட்டளையில் வாங்காமல், பூட்டையும் எண்ணையும் ஒரே லுவா ஸ்கிரிப்ட்டில் (ரெடிஸுக்குள் இடையூறின்றி ஒரே மூச்சில் ஓடும் சிறு நிரல்) வாங்குங்கள். பூட்டை விடுவிப்பதும் அப்படியே: கீயில் இருக்கும் மதிப்பு நான் எழுதிய அடையாளம்தானா என்று பார்த்து, ஆம் என்றால் மட்டும் அழிக்கும் லுவா ஸ்கிரிப்ட் வேண்டும். கீயை அப்படியே அழிக்கும் வெறும் டெல் கட்டளை இருந்தால், உங்கள் அ வேலை முடிந்து பண்ருட்டிப் பூட்டை ‘விடுவிக்கும்போது’ ஆ-வின் பூட்டை அழித்து மூன்றாவது ஒர்க்கருக்குக் கதவைத் திறந்துவிடும். ரெடிஸின் பிரதிகளுக்குத் தரவு சற்றுப் பிந்தியே போகும் என்பதால், முதன்மைச் சர்வர் விழுந்து பிரதி பொறுப்பேற்கும்போது எண் பின்னோக்கிப் போகவும் வாய்ப்புண்டு. அதையும் தாங்க முடியாத இடங்களில் ஸூகீப்பரின் டிரான்ஸாக்ஷன் எண்ணையோ எட்சிடியின் ரிவிஷன் எண்ணையோ (இரண்டும் பல சர்வர்களை ஒருங்கிணைக்கும் சேவைகள்) டோக்கனாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அவற்றுக்கு மாறினாலே பூட்டு பாதுகாப்பாகிவிடும் என்று எண்ண வேண்டாம். எட்சிடி 3.4.3 பற்றி 2020 ஜனவரியில், இத்தகைய அமைப்புகளைச் சோதிக்கும் ஜெப்சன் வெளியிட்ட ஆய்வறிக்கை, அதன் பூட்டுகளும் தனியாக இருக்கும்போது ஒரே நேரத்தில் இருவர் கைக்குப் போகக்கூடும் என்று காட்டியது.

இலாசுப்பேட்டை நிரலர் எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. இருப்பைத் திருத்தும் நிர்வாகத் திரை தனியாகப் பூட்டு வாங்குவதை இப்போதுதான் கவனித்தோம். அதையும் பொது ஃபங்ஷனுக்குள் கொண்டுவருகிறோம்.

ஆனால் ஏறுவரிசை விதியில் ஓர் இடறல் இருக்கிறது. எந்தக் குடோன்கள் தேவை என்பது எப்போதும் முன்கூட்டித் தெரிவதில்லை. வணிகர் விருத்தாசலத்தில் மூன்றாவது குடோன் ஒன்றைச் சேர்த்திருக்கிறார். முதுநகரில் சரக்குக் குறைந்தால், ஒதுக்கீட்டின் நடுவில்தான் வேறு எந்தக் குடோனைத் தொட வேண்டும் என்று தெரியவரும். 2-ஐயும் 3-ஐயும் பூட்டியபின் 1 வேண்டியிருந்தால் என்ன செய்வது?

கெடிலக்கரை எழுதியது:

எளிய வழி, கையில் இருப்பவற்றை எல்லாம் விட்டுவிட்டு, 1, 2, 3 என்று முதலிலிருந்து பூட்டுவதுதான். இடையில் மற்றவர்கள் இருப்பை மாற்றியிருக்கக்கூடும் என்பதால், முன்பு படித்த எதையும் நம்பாமல் மறுபடி படிக்க வேண்டும். மூன்று குடோன்களுக்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. 1 காலியாக இருந்தால் காத்திராமல் எடுத்துக்கொள்ளலாம் என்னும் சலுகையையும் சேர்க்கலாம். காத்திருப்பு இல்லாத இடத்தில் வட்டம் உருவாகாது.

பூட்ட வேண்டியவை நூற்றுக்கணக்கில் பெருகினால் மட்டும் ரோசன்கிரான்ட்ஸ், ஸ்டெர்ன்ஸ், லூயிஸ் ஆகியோர் 1978-இல் முன்வைத்த இரு முறைகளைப் பாருங்கள். ஒவ்வொரு டிரான்ஸாக்ஷனுக்கும் தொடக்க நேரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வெயிட்-டை முறையில், மூத்தது இளையதுக்காகக் காத்திருக்கலாம். இளையது மூத்ததுக்காகக் காத்திருக்கக்கூடாது, உடனே விலகி மறுபடி தொடங்க வேண்டும். வூண்ட்-வெயிட் முறையில், மூத்தது வரும்போது இளையது வெளியேற்றப்படும். கூகுளின் ஸ்பேனர் தரவுத்தளம் இதைத்தான் கையாள்கிறது. இரண்டிலும், விலகியது மறுபடி வரும்போது தன் பழைய தொடக்க நேரத்துடனேயே வர வேண்டும். புதிய நேரம் கொடுத்தால் அது என்றென்றும் இளையதாகவே இருந்து, வேலை முடியாமலே அலையும்.

எந்த வழியானாலும் மறுமுயற்சிக்கு முந்தைய இடைவெளியைச் சமவாய்ப்பில் மாற்றிக்கொண்டே இருங்கள். இருவரும் ஒரே இடைவெளி விட்டால், இருவரும் விலகி, இருவரும் திரும்பி வந்து, மறுபடி இடித்துக்கொள்வார்கள்.

வில்லியனூர் எழுதியது:

நண்பர்கள் சொன்னவை சரியே என்றாலும், கேள்வியை ஒரு படி முன்னால் கொண்டுபோக விரும்புகிறேன். இருப்பு அட்டவணை எங்கே இருக்கிறது? போஸ்ட்கிரெஸ் போன்ற ஒரே தரவுத்தளத்தில் என்றால், ரெடிஸ் பூட்டு எதற்கு? தரவு ஓரிடத்திலும் அதன் காவல் வேறோர் இடத்திலும் இருப்பதால்தான், காவல் போனது தரவுக்குத் தெரியாமல் போகிறது.

டிரான்ஸாக்ஷனைத் தொடங்கி, தேவைப்படும் குடோன் வரிகளைக் குடோன் எண் வரிசையில் செலக்ட் ஃபார் அப்டேட் மூலம் பூட்டுங்கள். வரிசை எங்கேனும் பிசகி டெட்லாக் வந்தாலும், போஸ்ட்கிரெஸ் வழக்கமான அமைப்பில் ஒரு விநாடி காத்திருப்புக்குப் பின் வட்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ஒரு டிரான்ஸாக்ஷனை 40பி01 என்ற பிழையுடன் ரத்து செய்யும். கெடிலக்கரை சொன்ன முழுமையான பறிப்பு இதுதான். அந்தப் பிழையைப் பிடித்து மறுபடி முயல்வது மட்டுமே உங்கள் வேலை. ஒர்க்கர் செத்தால், இணைப்பு அறுந்தது தெரிந்ததும் தரவுத்தளம் தானே ரத்து செய்யும். உறைந்து நிற்கும் ஒர்க்கருக்காக, டிரான்ஸாக்ஷனுக்குள் சும்மா இருக்கும் இணைப்பை இத்தனை விநாடியில் துண்டி என்று சொல்லும் அமைப்பு 9.6 பதிப்பிலிருந்தே உண்டு. அப்போதும் பூட்டும் வேலையும் சேர்ந்தே போகும் என்பதைக் கவனியுங்கள்.

மீதியைப் படித்து, கழித்து, புதிய மீதியை எழுதும் பழக்கத்தையும் விடுங்கள். ‘மீதி 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் 60-ஐக் கழி’ என்று ஒரே அப்டேட்டாக அனுப்பி, எத்தனை வரிகள் மாறின என்று பாருங்கள். வழக்கமான ரீட் கமிட்டட் (மற்றவர்கள் முடித்த மாற்றங்களை மட்டும் படிக்கும்) நிலையில், வேறொருவர் முடிக்கும்வரை காத்திருந்த அப்டேட், எழுந்ததும் நிபந்தனையைப் புதிய மதிப்பின் மீது மறுபடி சோதிக்கும். 85-இல் 60 போனபின் 25-தான் மிச்சம் என்பதால், 50 கேட்டவருக்குப் பூஜ்யம் வரிகள் என்ற விடை வரும்.

சுண்ணாம்பாறு எழுதியது:

இருப்புக்கு வில்லியனூர் சொல்வதே மேல். நானும் அதையே பரிந்துரைப்பேன். லாரிச் சீட்டு அச்சிடுவதும் இ-வே பில்லுக்கு வெளிச் சர்வரை அழைப்பதும் டிரான்ஸாக்ஷனுக்குள் இருக்கக்கூடாது என்பதை மட்டும் சேர்க்கிறேன். வெளி அழைப்பு இழுத்தடித்தால் குடோன் வரி அதுவரை பூட்டியே கிடக்கும். ஒதுக்கீட்டோடு சேர்த்து ‘இந்தச் சீட்டை அச்சிட வேண்டும்’ என்று ஒரு வரியை அதே டிரான்ஸாக்ஷனில் எழுதி வையுங்கள். பிறகு தனி ஒர்க்கர் அதை எடுத்துச் செய்யட்டும். அந்த ஒர்க்கருக்கு ரெடிஸ் பூட்டு இருக்கலாம். ஆனால் அது இருமுறை ஓடினாலும் கெடுதல் நேராதபடி, ஒவ்வொரு சீட்டுக்கும் ஆர்டர் எண்ணிலிருந்து உருவாகும் ஒரே அடையாளத்தை வைத்து, அதே அடையாளத்துடன் இரண்டாம் சீட்டு பதிவாகாமல் யுனிக் கட்டுப்பாடு போட்டுவிடுங்கள்.

மாற்றியபின் சோதிக்கும் விதம்: சோதனைச் சர்வரில் ஓர் ஒர்க்கர் பூட்டு வாங்கியவுடன் அதற்கு ஸ்டாப் சிக்னல் அனுப்பி உறைய வையுங்கள். காலக்கெடு கடந்து இன்னொரு ஒர்க்கர் அதே ஆர்டரை முடித்தபின், முதலாவதற்குக் கன்டினியூ சிக்னல் அனுப்புங்கள். எழுந்ததும் அது எழுத முயல்வதும், அந்த எழுத்து மறுக்கப்படுவதும் பதிவேட்டில் தெரிய வேண்டும். பதிவேட்டில் மறுப்பு எதுவும் இல்லாமல் இருப்பு மட்டும் சரியாக இருந்தால், அந்த ஓட்டத்தில் இருவரும் மோதிக்கொள்ளவில்லை என்றே பொருள். உறைய வைக்கும் இடத்தை, இருப்பைப் படித்த வரிக்கும் எழுதும் வரிக்கும் நடுவே நகர்த்தி மறுபடி ஓட்டுங்கள்.